மற்ற தொண்ணூற்றொன்பது காசுகள்

குரு என்றால் தாடி வேண்டும், ஆற்றங்கரை வேண்டும், கண்ணை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதை ஒத்துவராது. இதில் வரும் குருவுக்கு நாற்பத்துநான்கு வயது. பெயர் கோகிலவாணி. கோயம்புத்தூரில் பதக்கம் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். பள்ளிக்கூட விளையாட்டு விழாப் பதக்கம், கோயில் டாலர், கம்பெனிகளின் வெள்ளிவிழா வில்லை எல்லாம் அங்கே அடிபட்டு வெளியே வரும். உட்கார்ந்து உபதேசம் செய்ய அவருக்கு நேரம் கிடையாது.

சீடருக்கு அறுபத்தொன்பது வயது. பெயர் சென்னியப்பன். டெலிபோன் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு காசு சேர்க்கத் தொடங்கினார். காசில் எழுத்து எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ள இந்தப் பட்டறைக்கு ஒருநாள் வந்தவர், ஒன்பது வருடமாக வியாழக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருக்கிறார். அவர் குருவை 'அம்மிணி' என்பார். குரு அவரை 'சார்' என்பார். இதில் இருவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

இந்த வியாழக்கிழமை சென்னியப்பன் கொதித்துக்கொண்டு வந்தார். ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடக்கூடப் பொறுமையில்லாமல் சுவரில் சாய்த்துவிட்டு நேரே உள்ளே வந்தார். கோகிலவாணி ஒரு பள்ளிக்கூடத்துப் பதக்கத்தைக் கையில் வைத்து ஓரத்தை அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, ஒரு கையெழுத்து வேணும்."

"உட்காருங்க சார். தண்ணி குடிங்க."

"தண்ணியெல்லாம் அப்புறம். முதல்ல கையெழுத்து."

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். கோகிலவாணி அரத்தைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார். ஜெயக்கொடி என்ற உறுப்பினர் பரிசோதகரைச் சபையில் அவமதித்துவிட்டார், வட்டத்தின் கண்ணியத்தைக் கெடுத்துவிட்டார், ஆகவே அவரை உடனே நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே சென்னியப்பனின் கையெழுத்து இருந்தது. அதற்குப் பக்கத்தில் 'ஆலோசகர்' என்று போட்டு ஓர் இடம் காலியாக இருந்தது.

வட்டம் என்றால் நொய்யல் நாணய வட்டம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவார்கள். ஐம்பது அறுபது பேர் வருவார்கள். வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சி உண்டு. பிழையாக அடிபட்ட காசு எதையும் கண்காட்சி மேசையில் வைக்க வேண்டுமென்றால் பரிசோதகர் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாத காசு மேசை ஏறாது. அந்தப் பரிசோதகர் சென்னியப்பன்தான். ஒருவரை வட்டத்தை விட்டு நீக்கப் பரிசோதகர் கையெழுத்தும் ஆலோசகர் கையெழுத்தும் வேண்டும் என்பது விதி. ஆலோசகர் கோகிலவாணி. அவர் கூட்டத்துக்குப் போவதே கிடையாது. பெயர் மட்டும் பலகையில் இருந்தது.

"யாருங்க இந்த ஜெயக்கொடி?"

"பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறையில உட்கார்ந்து காசு வாங்கறவ, அம்மிணி. வட்டத்துல சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலை. அவ எனக்குப் பாடம் எடுக்கறா. எனக்கு."

'எனக்கு' என்று சொல்லும்போது நெஞ்சில் கை வைத்தார். வயதான மனிதருக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று நாம் நினைக்கலாம். அவரிடம் சொன்னால் நம்மையும் கடிதத்தில் சேர்த்துவிடுவார்.

"என்ன நடந்துது, முதல்ல இருந்து சொல்லுங்க."

சென்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் பாதி எழுந்த மாதிரியே இருந்தார்.

"போன ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு மூணு ரெண்டு ரூபாய்க் காசு கொண்டுவந்தா. காலண்டர் தாள்ல பொட்டலம் கட்டி. மூணுலயும் எழுத்து ரெண்டு ரெண்டா இருக்குதுங்க, இரட்டை அச்சுன்னு சீட்டு எழுதிக் குடுங்கன்னா. பார்த்தேன்."

"எழுத்து இரட்டையா இருந்துதுங்களா?"

"இருந்துது. ஆனா மூணுலயும் ஒரே மாதிரி. அதே எழுத்து, அதே பக்கம், அதே அளவு. அபூர்வம்னா மூணு மூணா வருமா அம்மிணி? கழிப்பறைப் பெட்டியில நாலு மாசத்துல மூணு கிடைச்சுதுன்னா அது ஊரெல்லாம் கிடக்கற காசு. மதிப்பில்லைன்னு எழுதி, சீட்டுக்குக் குறுக்க சிவப்புக் கோடு போட்டுக் குடுத்துட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அதை எப்படிச் சொல்றது." சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னா. குரல் ஒண்ணும் உசத்தலை, அதையும் சொல்லிடறேன். 'ஒரே அச்சுல அடிச்ச காசு ஒரே மாதிரிதானுங்களே இருக்கோணும்? மூணும் ஒண்ணுபோல இருக்கறதாலதானுங்க இது நிசம். நீங்க வச்சிருக்கற காசு இந்தியாவுலயே ஒண்ணுதான்னு சொல்றீங்க. அப்படீன்னா அது அடிக்கறப்ப ஆடிப்போன காசாத்தானுங்க இருக்கோணும்'னா. பின்னாடி எவனோ சிரிச்சான். யார்னு திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் தரையைப் பார்த்துட்டு இருக்கறாங்க."

"எங்கே படிச்சாங்களாம்?"

"போன்ல வீடியோ பார்த்தாளாம். வீடியோ! நான் இந்தப் பட்டறையில ஒன்பது வருஷம் இந்த ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கறேன். பாத்ரூம்ல காசு பொறுக்கறவ..."

"சார்."

கோகிலவாணி அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். சென்னியப்பனும் நிறுத்தினார். தான் சொன்னது தன் காதுக்கே நன்றாக இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் இந்தக் கதைக்கே அவசியமில்லை, நாலு வார்த்தை திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகலாம். புதிதாக வருகிறவர்களுக்குத் தன் பூதக்கண்ணாடியைக் கொடுத்து மணிக்கணக்காகச் சொல்லிக்கொடுப்பவர்தான். யாராவது அவருடைய காசின் மேல் கை வைத்தால்தான் ஆள் மாறிவிடுவார்.

அந்தக் காசைப் பற்றி வட்டத்தில் தெரியாதவர் கிடையாது. ஒரு ரெண்டு ரூபாய்க் காசு. அதில் எழுத்தெல்லாம் வலப்பக்கமாக இரண்டாகத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவருக்குக் கிடைத்தது. வட்டத்து ஆண்டு மலரின் அட்டையில் அதன் படம் உண்டு. அந்தக் காசால்தான் அவர் பரிசோதகர் ஆனார். எங்கே போனாலும் 'இந்த மாதிரி இன்னொண்ணு இருந்தா கொண்டுவாங்க பார்ப்போம்' என்பார். யாரும் கொண்டுவந்ததில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை கண்காட்சி. அதுக்கு முன்னாடி நடக்கற கூட்டத்துல தலைவர் கடிதத்தைப் படிக்கறேன்னுட்டார். நீங்க கையெழுத்துப் போட்டா அவ வெளிய. போடுங்க அம்மிணி."

கோகிலவாணி பேனாவை எடுக்கவில்லை.

"உங்க காசு எங்கே கிடைச்சுதுன்னு சொன்னீங்க?"

"பேங்க்ல. உங்களுக்குத் தெரியுமே. நூறு காசு பாக்கெட், சீல் உடைக்காதது. நானே உடைச்சேன்."

"நூறும் புதுசு."

"பளபளன்னு."

"அச்சடிச்ச இடத்துல இருந்து நேரா வந்தது. வரிசையா விழுந்த காசை அள்ளிக் கட்டினது."

"ஆமா."

"அப்படீன்னா பாதியாவது ஒரே அச்சுல அடிச்சதா இருக்கும். மத்த தொண்ணூத்தொம்பதுலயும் எழுத்து ரெண்டா இருந்துதுங்களா?"

"ஒண்ணுலகூட இல்லை. எல்லாத்தையும் பார்த்துட்டேன், ரெண்டு நாள் உட்கார்ந்து. இது ஒண்ணுலதான்." சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதானே அம்மிணி அபூர்வம்."

கோகிலவாணி எழுந்தார். சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு பிரஸ் அருகே போனார். பழைய கை பிரஸ் அது. மேலே இரண்டு பக்கமும் இரும்புக் குண்டு வைத்த கைப்பிடி இருக்கும். கைப்பிடியைச் சுழற்றினால் நடுத்தண்டு இறங்கி அடியில் இருக்கும் வில்லையில் அடிக்கும். தண்டின் முனையில் இருக்கும் எஃகு அச்சை அங்கே டை என்பார்கள். எழுத்தும் படமும் அதில் தலைகீழாக வெட்டியிருக்கும்.

"இங்க வாங்க சார். இன்னிக்கு நீங்க அடிக்கோணும்."

"கையெழுத்து?"

"அடிச்சுட்டு."

"நான் அடிக்கறதுக்கா வந்தேன்?"

"ஒன்பது வருஷமாப் பார்த்துட்டே இருக்கீங்க. ஒருநாள்கூட அடிச்சதில்லை."

சென்னியப்பனுக்கு இது பிடிக்கவில்லை. தான் நியாயம் கேட்டு வந்த இடத்தில் தன்னை வேலை வாங்குகிறார்கள் என்று தோன்றியது. ஆனாலும் சொன்னது குரு. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார்.

பிரஸ்ஸில் 'முதல் பரிசு' என்று எழுதிய டை மாட்டியிருந்தது. கோகிலவாணி ஸ்பேனரை எடுத்து, அதைப் பிடித்திருந்த போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினார். டையை விரலால் ஆட்டிப் பார்த்தார். வெளிப்பார்வைக்குத் தெரியாத அளவுக்கு ஆடியது. அடியில் ஒரு பித்தளை வில்லையை வைத்தார்.

"சுத்துங்க."

சென்னியப்பன் கைப்பிடியைப் பிடித்து ஓங்கிச் சுற்றினார். கோபம் முழுவதும் அந்தச் சுற்றில் இறங்கியது. தடால் என்று விழுந்து தண்டு எகிறியது. கோகிலவாணி வில்லையை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை வைத்தார்.

"இன்னொண்ணு."

பத்து வில்லை அடித்தார்கள். சென்னியப்பனுக்கு மூச்சு வாங்கியது. கோகிலவாணி தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்.

"கண்ணாடி வச்சிருக்கீங்கள்ல? பாருங்க."

அவர் பையில் எப்போதும் இருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து முதல் வில்லையைப் பார்த்தார். 'முதல் பரிசு' என்ற எழுத்து வலப்பக்கம் இரண்டாகத் தெரிந்தது. இரண்டாவது வில்லையில் கொஞ்சம்தான் தெரிந்தது. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. நான்காவதில் 'சு' மட்டும் இரண்டாக இருந்தது. ஐந்தாவதில் எல்லா எழுத்தும் இடப்பக்கமாகச் சரிந்திருந்தது.

"பத்தும் பத்து விதமா இருக்குது."

"ஏங்க?"

"டை லூசா இருக்குது. அடிச்சு எழும்பறப்ப ஆடுது."

"ரெண்டாவது எழுத்தைத் தொட்டுப் பாருங்க. நகத்தால."

தொட்டார். இரண்டாவது எழுத்து எழுத்தாக எழும்பி நிற்கவில்லை. வீட்டு வாசற்படி மாதிரி தாழ்வாக, தட்டையாக இருந்தது. அதன்மேல் உரசின பளபளப்பு இருந்தது. கண்ணாடியை இன்னும் கிட்டத்தில் பிடித்தார். முதல் எழுத்து வழக்கத்தைவிட ஒல்லியாக இருந்தது.

"எழுத்து மெலிஞ்சுபோச்சு."

"ரெண்டாவது எழுத்து எங்க இருந்து வந்துதுன்னு நினைக்கறீங்க?"

சென்னியப்பன் யோசித்தார். யோசிக்கப் பிடிக்காமல் யோசித்தார்.

"முதல் எழுத்துல இருந்து."

"ஆமாங்க. புதுசா ஒண்ணும் சேரலை. இருந்த எழுத்தை டை இழுத்து நசுக்கியிருக்குது. இருந்தது குறைஞ்சுது. பார்க்கறதுக்கு ரெண்டு மாதிரி தெரியுது. இதுக்கு மதிப்பு கிடையாது."

அவர் போல்ட்டை இறுக்கி முறுக்கினார். இன்னொரு வில்லை வைத்தார். சென்னியப்பன் சுற்றினார். ஒற்றை எழுத்து, சுத்தமாக விழுந்தது. பிறகு கோகிலவாணி அந்த டையைக் கழற்றிவிட்டு, மூலையில் இருந்த கழிவு டப்பாவைக் கிளறித் துருப்பிடித்த ஒரு பழைய டையை எடுத்தார். எண்ணெய் போட்டுத் துடைத்து அதை மாட்டினார். இந்தத் தடவை போல்ட்டை அவர் பலம் முழுவதும் போட்டு இறுக்கினார்.

"இது நான் தொழில் பழகறப்பக் கெடுத்தது. எழுத்துப் பதியறதுக்கு மூல முத்திரையை டையில ரெண்டு தடவை அழுத்துவோம், ஆழம் பத்தாதுன்னு. ரெண்டாவது தடவை மயிரிழை தள்ளி அழுத்திட்டேன். டையிலயே எழுத்து ரெண்டாயிடுச்சு, அதானுங்க நிசமான இரட்டை அச்சு. தெரியாம முன்னூறு பதக்கம் அடிச்சுக் குடுத்தாச்சு."

"முன்னூறா?"

"ஒரு பள்ளிக்கூடத்துக்கு. சுத்துங்க."

ஐந்து அடித்தார்கள். சென்னியப்பன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். 'பரிசு' என்பதில் 'ப'வின் வலது கால் இரட்டையாக இருந்தது. இரண்டும் ஒரே உயரம். உருண்டையாக, கொழுகொழுவென்று இருந்தது. எழுத்தின் மூலையில் இரண்டும் பிரியும் இடத்தில் ஒரு சின்ன வெட்டு. ஐந்திலும் அதே கால், அதே பக்கம், அதே வெட்டு. ஒன்றை இன்னொன்றின்மேல் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

அவர் கண்ணாடியை இறக்கவில்லை. அந்த ஐந்து பதக்கத்தை அவர் இப்போது பார்க்கவும் இல்லை. காலண்டர் தாளைப் பிரித்து ஜெயக்கொடி வைத்த மூன்று காசுதான் கண்ணுக்குள் நின்றது. கொழுத்த எழுத்து. மூலையில் வெட்டு. அன்றைக்கே அதைப் பார்த்தார். இது என்னவோ வேறு மாதிரி இருக்கிறதே என்று ஒரு நிமிடம் கை நின்றது. மூன்று இருக்கிறதே என்ற ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார்.

"அடுத்தது உங்க காசைப் பாருங்க," என்றார் கோகிலவாணி.

"அதை எதுக்கு?"

"கையோட வச்சிருக்கீங்கள்ல?"

வைத்திருந்தார். எப்போதும் வைத்திருப்பார். பிளாஸ்டிக் உறைக்குள், உறை ஒரு டப்பிக்குள், டப்பி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்பது வருடத்தில் ஆயிரம் தடவை பார்த்திருப்பார். பார்த்தபோதெல்லாம் எழுத்து இரண்டா என்று மட்டும் பார்த்தார். இன்றைக்குத்தான் எழுத்து ஒல்லியா என்று பார்த்தார்.

ஒல்லியாக இருந்தது. பக்கத்தில் தட்டையாக ஒரு படி. படியின் மேல் உரசின பளபளப்பு.

வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. அவமானம் வந்தால் தலை குனியும் என்பார்கள். சென்னியப்பனுக்குத் தலை குனியவில்லை, முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது. காசைத் தட்டில் பதக்கங்களோடு போட்டார். அது மற்றவற்றோடு கலந்து கிடந்தது.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எதுங்க?"

"மழுப்பாதீங்க அம்மிணி. என் காசு ஆடிப்போன காசுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க முதல்நாள் கொண்டுவந்து காட்டினப்பவே தெரியும்."

சென்னியப்பன் எழுந்துவிட்டார். ஸ்டூல் சாய்ந்து விழுந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"ஒன்பது வருஷம். ஒன்பது வருஷம் என்னைக் கூத்தடிக்க விட்டு வேடிக்கை பார்த்திருக்கீங்க. மலர்ல படம் போட்டாங்க, பார்த்தீங்க. பரிசோதகர் ஆனேன், பார்த்தீங்க. எத்தனை பேர் காசுக்குச் சீட்டு எழுதியிருக்கறேன். எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கறேன். உங்களை நம்பித்தானே நான் இங்க வந்து உட்கார்ந்தேன்? கழிப்பறையில வேலை பார்க்கற ஒருத்தி சொன்ன வார்த்தையை நீங்க சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் கேட்டது நியாயம். கதையில் குரு எது செய்தாலும் அதில் ஓர் அர்த்தம் இருக்கும் என்று தலையாட்டுவது நம் வழக்கம். இங்கே தலையாட்ட வேண்டாம். கோகிலவாணியும் ஆட்டவில்லை.

"சொல்லியிருக்கோணும்," என்றார்.

"ஏன் சொல்லலை?"

"அன்னிக்கு வந்தப்ப நீங்க எப்படி இருந்தீங்கன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்காது. ரிட்டயராகி ரெண்டு மாசம். வீட்டுல யார்கிட்டயும் பேசறதில்லைன்னு நீங்களே சொன்னீங்க. அந்தக் காசை எடுத்துக் காட்டறப்ப முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். இன்னொண்ணு இருக்குதுங்களான்னு கேட்டேன். இல்லவே இல்லைன்னு சிரிச்சீங்க. அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் நாலு பேர்கிட்டக் காட்டிட்டு வந்தீங்க. அதுக்கடுத்த வாரம் நாப்பது பேர். அப்புறம் சொல்றதுக்கு எனக்குத் தைரியம் வரலை. நீங்களாப் பார்த்துக் கண்டுபிடிச்சுக்குவீங்கன்னு நினைச்சேன். சோம்பேறித்தனம்தான் சார். அதை நல்ல குணம்னு எனக்கு நானே சொல்லிட்டு இருந்தேன்."

சென்னியப்பனுக்குத் திட்டுவதற்கு இன்னும் நிறைய இருந்தது. ஆனால் எதிரில் நிற்பவர் தடுக்காமல் ஒப்புக்கொள்ளும்போது எப்படித் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த ஜெயக்கொடி எத்தனை மணிக்கு வந்தா தெரியுமா, அன்னிக்கு?" என்றார் திடீரென்று. "விடிய விடிய டூட்டி முடிச்சுட்டு நேரா வந்திருக்கறா. பத்து மணிக்கு வந்து வரிசையில நின்னா. நான் அவளைக் கடைசியாக் கூப்பிட்டேன். ஒண்ணரை மணிக்கு. வேணும்னேதான்."

கோகிலவாணி போல்ட்டைத் தளர்த்திப் பழைய டையைக் கழற்றினார்.

"சீட்டை வாங்கிப் பார்த்துட்டு மறுபடி காலண்டர் தாள்ல காசை மடிச்சா. மூணையும் தனித்தனியா மடிச்சா. ஒண்ணோட ஒண்ணு உரசக் கூடாதுன்னு. மதிப்பில்லைன்னு நான் எழுதிக் குடுத்த பிற்பாடும்."

அவர் கடிதத்தை எடுத்தார். நான்காகக் கிழித்தார். கிழித்ததைக் கழிவு டப்பாவில் போட்டார். போட்ட பிறகு அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பெரிய காரியம் ஒன்றைச் செய்து முடித்துவிட்ட நிம்மதி. இத்தனை சீக்கிரம் வருகிற நிம்மதியை நம்பக் கூடாது. அவர் நம்பினார்.

"முடிஞ்சுது அம்மிணி. அவ வட்டத்துலயே இருக்கட்டும். தலைவர்கிட்டக் கடிதத்தை வாபஸ் வாங்கிட்டேன்னு போன்ல சொல்லிடறேன். என் காசை இனிமே யார்கிட்டயும் காட்ட மாட்டேன். வீட்டுல போட்டுப் பூட்டிடறேன்."

"அவங்க மூணு காசு?"

"அதுக்கு என்ன?"

"ஞாயித்துக்கிழமை மேசை ஏறுமா?"

சென்னியப்பன் துண்டை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"அதுக்கு நான் எழுந்து நின்னு, நான் போட்ட கோடு தப்புன்னு சொல்லோணும். அப்புறம் என் காசு என்னன்னு கேட்பாங்க. மலர்ல படம் போட்டமேன்னு கேட்பாங்க. அத்தனை பேர் முன்னாடி. இந்த வயசுல."

"ஆமாங்க. கேட்பாங்க."

"வேண்டாம் அம்மிணி. அவளைத்தான் நீக்கலையே, அது போதாதா? நான் கூட்டத்துக்குப் போறேன். வாயைத் திறக்காம ஒரு ஓரமா உட்கார்ந்துட்டு வந்துடறேன். யார் மனசும் நோகாது. கொஞ்ச நாள்ல எல்லாம் தானாச் சரியாயிடும்."

கோகிலவாணி அரத்தைக் கையில் எடுத்தார். எடுத்ததை மறுபடி மேசையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"ஒன்பது வருஷம் நான் அதைத்தான் செஞ்சேன் சார். வாயைத் திறக்காம ஓரமா உட்கார்ந்திருந்தேன். அதுல எனக்கும் ஒண்ணும் ஆகலை, உங்களுக்கும் ஒண்ணும் ஆகலை. சிவப்புக் கோடு ஜெயக்கொடி சீட்டுலதான் விழுந்துது."